11 மாசத்து மகாராஜா

வா மாப்ளே, உட்காரு. கையில என்ன, புது அக்ரிமென்ட்டா? குடு, கண்ணாடியைப் போட்டுப் பார்க்கிறேன். அடேங்கப்பா! எட்டாவது கண்டிஷன்ல லிஃப்ட் மெயின்டனன்ஸ் நீதான் கட்டணுமாமே. ராபர்ட்சன்பேட்டையில ஒரு ஓட்டு வீடு, அதுக்கு லிஃப்ட்டு! பெங்களூர் ஃப்ளாட்டுக்கு அடிச்ச பேப்பரை ஜெராக்ஸ் கடைக்காரன் பேரை மட்டும் மாத்தி உன் தலையில கட்டியிருக்கான். நீயும் படிக்காம கையெழுத்துப் போடத் தயாரா பேனாவைச் சட்டைப் பையில சொருகிட்டு வந்திருக்கே. கெட்டிக்காரன்டா நீ.

11 மாசத்துக்கு ஒரு பட்டாபிஷேகம் உனக்கு. ஓனரம்மா வாடகையை ஏத்துவாங்க, நீ தலையைச் சொறிவே, அப்புறம் புதுப் பத்திரம். புள்ளைக்கு ஸ்கூல் இங்கே, நீ விடியக்காலம் மாரிகுப்பம் வண்டியைப் பிடிச்சு பெங்களூர் போய் ராத்திரி வர்றே. அடுத்த வருஷம் எந்தத் தெருவுல படுப்போம்னு உனக்கே தெரியாது. ஆனா டிவி மட்டும் 55 இன்ச்சு.

ஏன் 11 மாசம்னு என்னைக்காவது கேட்டியா? ‘எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க மாமா’ன்னு சொல்லுவே. ஒரு வருஷத்துக்கு மேல போற குத்தகையைப் பதிவு பண்ணியே ஆகணும்னு 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம் சொல்லுது. பதிவுன்னா முத்திரைத் தீர்வை, ஃபீஸு, ரெண்டு பேரும் சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் வாசல்ல நிக்கணும். அதுக்குச் சோம்பல்பட்டு ஒரு மாசத்தைக் குறைச்சான் எவனோ. அந்தச் சோம்பேறிக்கு இன்னைக்கு நாடு முழுக்க சிஷ்யப் பிள்ளைங்க.

நம்ம தங்கச் சுரங்க ஊரு மண்ணுல முதல்ல காகிதம் வாங்கினவன் கதை தெரியுமா? லாவெல்னு ஒரு பழைய பட்டாளத்துக்காரன். பெங்களூர்ல லாவெல் ரோடுல நடந்திருப்பியே, அவன் பேருதான். 1873-ல மைசூர் சர்க்காருக்கு மனு போட்டான், 1875-ல சுரங்கம் தோண்டற உரிமையை 20 வருஷத்துக்கு எழுதி வாங்கினான். தங்கம் கிடைக்குமோ கிடைக்காதோ, முதல்ல வருஷத்தைக் கேட்டான் பாரு! கையில முதல் பத்தலைன்னதும் அந்தக் காகிதத்தையே அடுத்தவங்களுக்குக் கைமாத்திவிட்டான். 1880-ல ஜான் டெய்லர் கம்பெனி உள்ளே வந்துச்சு. அவங்ககிட்ட எல்லாத்துக்கும் காகிதம் இருந்துச்சு.

நம்மகிட்ட? சாம்பியன் ரீஃப் சுரங்கத்துல மூணு கிலோமீட்டருக்குக் கீழே எறங்கினவன் மேலே வந்து படுத்தது கம்பெனி லைன் வீட்டுல. முதல்ல தட்டி வீடு, அப்புறம் ஓடு. வேலை இருக்கிற வரைக்கும் வீடு, அவ்வளவுதான் பேச்சு. 1956-ல மைசூர் சர்க்கார் எடுத்துச்சு, 1962-ல டெல்லி எடுத்துச்சு, 1972-ல பாரத் கோல்டு மைன்ஸ்னு போர்டு மாட்டினாங்க. ஒவ்வொரு தடவையும் முதலாளிக்குப் பத்திரம் மாறிச்சு. நாங்க அதே லைன்ல அதே குழாயில தண்ணி பிடிச்சோம். 2001 பிப்ரவரி 28-ல சுரங்கத்தை மூடினாங்க. வீடு யாருதுங்கிற கேள்வி மட்டும் இன்னும் மூடலை.

அதனாலதான் சொல்றேன், லைன்ல பாதி வாடகைக்கு ஒருத்தர் வீடு தர்றாருன்னு வாயெல்லாம் பல்லா வந்தியே, அந்தப் பக்கம் போகாதே. அவரே பட்டா கேட்டு மனு எழுதிக்கிட்டு இருக்கார். தன் பேர்ல இல்லாத வீட்டை உனக்கு எதை வெச்சு எழுதித் தருவார்?

இன்னொரு யோசனை சொன்னே பாரு, அதுதான் அருமை! ‘ஸ்டாம்ப் பேப்பர்லயே அஞ்சு வருஷம்னு போட்டுக்கிறோம் மாமா, பதிவு எதுக்கு?’ மாட்டைப் பிடிக்கப் போறவன் கயித்தை வீட்டுலயே மாட்டிட்டுப் போனானாம். பதிவு இல்லாத அஞ்சு வருஷத்தைக் கோர்ட்டு அஞ்சு வருஷமா பார்க்காது. மாசக் குடித்தனமாத்தான் பார்க்கும். 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டப்படி அதை முடிக்க 15 நாள் நோட்டீஸ் போதும். அஞ்சு வருஷம்னு நம்பி சுவத்துக்குப் பெயின்ட் அடிச்சது உன் பொண்டாட்டியோட சந்தோஷத்துக்கு.

மொத்தமா அஞ்சு லட்சம் குடுத்துப் போக்கியத்துக்குப் போறதா இருந்தா இன்னும் உஷாரா இரு. ‘லீசு’ன்னு இனிப்பா பேர் வெச்சாலும் உன் பணம் அவங்க கையில தூங்குது. பதிவு பண்ணாத போக்கியத்துல பணத்தைப் போட்டுட்டு அப்புறம் என்கிட்ட வந்து அழாதே, எனக்குக் காது கேக்காது.

ஓனரம்மா ஏன் நீண்ட காலத்துக்கு எழுத மாட்டேங்கிறாங்க? பயம். 12 வருஷம் குடியிருந்தா வீடு குடித்தனக்காரனுக்குப் போயிடும்னு யாரோ ஓதி வெச்சிருக்காங்க. வாடகை குடுத்து ஓனர்னு ஒத்துக்கிட்டு இருக்கிறவன் அந்தக் கணக்குல சேர மாட்டான். பதிவுப் பத்திரத்துல ‘இவர் வாடகைதாரர்’னு எழுதிட்டா அவங்களுக்குத்தான் கூடுதல் பாதுகாப்பு. இதை நீ போய் வக்கீல் மாதிரி பேசாதே. பதிவுச் செலவை நானே ஏத்துக்கிறேன்மான்னு முதல்ல சொல்லு, அப்புறம் அவங்களுக்கே புரியும்.

மூணு வருஷம் கேளு. வருஷத்துக்கு அஞ்சு பர்சென்ட் ஏத்தம்னு இப்பவே எழுதிடு. அந்த மூணு வருஷத்துக்குள்ள, வாடகை பாக்கி இல்லாத வரைக்கும், அவங்க காலி பண்ணச் சொல்லக் கூடாது. உனக்கு வேலை மாறினா ரெண்டு மாச நோட்டீஸ்ல போகலாம். ஒருதலைப்பட்சமா இருக்கேன்னு கேப்பாங்க. கொஞ்சம் விட்டுக்குடு, ஆனா முதல்லயே விட்டுக்குடுக்காதே. முடிஞ்சப்புறம் இன்னும் மூணு வருஷம் நீட்டிக்க உனக்கு உரிமைன்னும் ஒரு வரி வேணும். அந்த வரி இருக்குன்னு மல்லாந்து படுத்துடாதே. கெடு முடியறதுக்கு முன்னாடியே எழுத்துல கேட்டு, மறுபடி புதுப் பத்திரம் பதிவு பண்ணணும். கெடு தாண்டி சும்மா வாடகை குடுத்துக்கிட்டே இருந்தா திரும்பவும் மாசக் குடித்தனம்தான்.

அவங்க பசங்க ரெண்டு பேரும் வெளியூர்ல. நாளைக்கு வீட்டை வித்தாலும், பாகம் பிரிச்சாலும், பதிவான குத்தகை வாங்கினவனையும் கட்டும், வாரிசையும் கட்டும். வில்லங்கச் சான்றுல, அதான் ஈசியில, உன் பேர் வந்துடும், தெரியாதுன்னு எவனும் சொல்ல முடியாது. ஆனா அதுக்கு முன்னாடி நீ ஈசி போட்டுப் பாரு, காத்தா, அதான் நகரசபைச் சொத்துக் கணக்கு, யார் பேர்லன்னு கேளு, கண்டாய வரி ரசீதைப் பாரு. மூலப் பத்திரத்தையும் ‘சும்மா ஒரு தடவை பார்த்துக்கிறேன்மா’ன்னு கேளு. பத்திரத்தைப் பேங்க்ல குடுத்து வாங்கின கடன் ஈசியில சில சமயம் தெரியாது. மூலப் பத்திரம் வீட்டுல இல்லைன்னா, எங்கே இருக்குன்னு தெரியற வரைக்கும் கையெழுத்துப் போடாதே.

இந்த லிஃப்ட் பேப்பரை இங்கேயே வெச்சிட்டுப் போ. புதுப் பத்திரம் எழுத திங்கக்கிழமை ஒரு நாள் லீவு போடு, பெங்களூர் நீ இல்லாம நின்னுடாது. கையெழுத்தான நாள்ல இருந்து நாலு மாசத்துக்குள்ள பதிவுக்குக் குடுக்கணும். உன்னை எனக்குத் தெரியும், நாலு மாசம்னா கடைசி நாள் வரைக்கும் இழுப்பே. கையெழுத்துப் போடற அன்னைக்கே பதிவையும் முடிச்சிட்டு வா.