மூன்று ஷை எழுதிய பல்கலைக்கழகம்

அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் முந்திக்கொண்டு விண்ணப்பிக்கிறவர்களுக்கென்று தனி வரிசை உண்டு. நவம்பர் தொடக்கத்தில் அனுப்பினால் டிசம்பர் நடுவில் பதில் வந்துவிடும். ஆறு கிழமை. இதைக் கண்டியில் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள். உயர்தரம் எழுதியதற்கும் கம்பஸ் தொடங்குவதற்கும் இடைப்பட்ட காலத்தில் எங்கள் ஊர்ப் பையன் ஆங்கில வகுப்புக்குப் போய், கணினி படித்து, கார் ஓட்டப் பழகி, ஒருத்தியைக் காதலித்து, அந்தக் காதலையும் முறித்துக்கொண்டு, அதற்குப் பிறகும் சில மாதம் வீட்டில் சும்மா இருப்பான்.

ஆனாலும் முந்தி விண்ணப்பிப்பதில் எங்களை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்று விண்ணப்பம் போனது 1906இல். மாணவர்கள் பெட்டி படுக்கையோடு பேராதனையில் வந்து இறங்கியது 1952இல். நடுவில் இரண்டு உலகப் போர், ஒரு பொருளாதார மந்தம், ஒரு சுதந்திரம்.

உயர்தரப் பரீட்சையை மூன்று தடவை எழுதலாம். ஒவ்வொரு தடவையையும் நாங்கள் ஷை என்போம். 'ஃபர்ஸ்ட் ஷையிலேயே பாஸ்' என்றால் கல்யாணச் சந்தையில் அதற்குத் தனி விலை. 'தேர்ட் ஷை' என்றால் உறவுக்காரர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அந்த உறவுக்காரர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும்: நாடே மூன்றாம் ஷையில்தான் தேறியது.

முதலாம் ஷை, பொன்னம்பலம் அருணாசலம் எழுதியது. கேம்பிரிட்ஜில் படித்தவர், போட்டிப் பரீட்சை எழுதி சிவில் சேவைக்குள் நுழைந்த முதல் இலங்கையர். இப்படிப்பட்ட ஆளுக்கே ஆகவில்லையென்றால் மற்றவர்கள் நிலையை யோசியுங்கள். 1906இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கி, எங்கள் பிள்ளைகளுக்கு இங்கேயே பட்டம் கொடுங்கள் என்று கேட்டார். வெள்ளைக்காரத் துரைமார் தலையைச் சொறிந்தார்கள். தேயிலை நன்றாகத்தான் விளைகிறது, இவர்களுக்குப் பட்டம் எதற்கு என்பது அவர்களுடைய நியாயமான குழப்பம். பெறுபேறு வர இழுபட்டது, பிறகு முதலாம் உலகப் போரும் வந்துவிட்டது.

இரண்டாம் ஷையின் பெறுபேறு 1921இல் வந்தது. கேட்டது பல்கலைக்கழகம், கிடைத்தது பல்கலைக்கழகக் கல்லூரி. மெடிசின் கேட்டவனுக்கு வேறேதோ பாடநெறி கிடைத்திருக்கிறது என்று கடிதம் வருமே, அதே கதை. கொழும்பு துர்ஸ்தன் வீதியில் படிக்கலாம். பட்டம் மட்டும் இலண்டன் பல்கலைக்கழகத்துடையது. மாணவன் மழைக்காலத்தில் கொழும்பில் குடை பிடித்துக்கொண்டு வகுப்புக்குப் போவான். அவன் தேறினானா இல்லையா என்பது தேம்ஸ் நதிக்கரையில் முடிவாகும். அருணாசலம் இறுதிப் பெறுபேற்றைப் பார்க்கவில்லை. 1924இல் மதுரையில் காலமானார்.

இனிமேல்தான் கண்டி கதைக்குள் வருகிறது. முழுப் பல்கலைக்கழகம் ஒன்று கட்டுவதானால் எங்கே கட்டுவது என்ற சண்டை இருபதுகளின் பிற்பாதியில் மூண்டது. 'இடங்களின் யுத்தம்' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். யுத்தத்தில் ஒருவர்கூடச் சாகவில்லை, பத்திரிகைத் தாள் மட்டும் டன் கணக்கில் தீர்ந்தது. கொழும்புக்காரர்களின் வாதம் திறமை அடிப்படையிலானது: ஆஸ்பத்திரி இங்கே இருக்கிறது, நீதிமன்றம் இங்கே இருக்கிறது, விரிவுரையாளர்களின் பங்களாக்களும் இங்கேதான் இருக்கின்றன. கண்டிக்காரர்களின் வாதம் மலை, குளிர், பழைய இராசதானி, நகரத்துச் சபலங்களிலிருந்து விலகிய தூய வாழ்க்கை. கடைசிக் காரணத்தை முன்வைத்தவர்கள் இருபது வயதில் யாரையாவது பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம். இன்றைக்குப் பேராதனை வளாகத்தில் காதலர் ஒழுங்கை என்றே ஒரு பாதை இருக்கிறது.

பத்திரிகை அதிபர் டி. ஆர். விஜேவர்தன கண்டிப் பக்கம் நின்றார். பத்திரிகை சொந்தமாக இருந்தால் வாதத்தில் வெல்வது அவ்வளவு கஷ்டமில்லை. கண்டி என்று தீர்மானமான பிறகும் கண்டியில் எந்த மூலை என்று இழுபட்டது. தும்பறைப் பள்ளத்தாக்கு என்றார்கள், வேறு இடங்கள் என்றார்கள். 1930களின் மந்தம் வந்து, காசு இல்லை என்றது. கடைசியில் மகாவலி வளைந்து ஓடும் பேராதனையில், பழைய தோட்டக் காணியில் வந்து நின்றது. ஆக, எல்லா வசதியும் உள்ள கொழும்பைத் தள்ளிவிட்டு மலைநாட்டுக்கு ஓரிடம். மாவட்டக் கோட்டா என்ற ஒன்றை அரசாங்கம் கண்டுபிடிப்பதற்கு முப்பத்தைந்து வருடம் முன்னதாகவே பேராதனை அதில் நுழைந்துவிட்டது என்பது என் கட்சி.

மூன்றாம் ஷை 1942. கொழும்பில் யப்பான்காரன் குண்டு போட்டது ஏப்ரல் 5ஆம் திகதி. இலங்கைப் பல்கலைக்கழகம் பிறந்தது யூலை முதலாம் திகதி. இதைவிட மோசமான நல்லநாள் எந்தச் சாத்திரிக்கும் கிடைத்திருக்காது. நாடு முழுவதற்கும் சேர்த்து 904 மாணவர்கள். முதல் உபவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ், சட்ட மேதை. பேராதனையில் கட்டடம் கட்டி எல்லோரையும் அங்கே கொண்டுபோவது அவருடைய வேலை. போகிற போக்கில் டி. எஸ். சேனாநாயக்கவுக்கு அரசியலமைப்பு எழுதவும் கைகொடுத்தார். எது முதலில் முடிந்தது தெரியுமா? நாடு 1948இல் சுதந்திரம் பெற்றுவிட்டது; பல்கலைக்கழகத்தின் பெரும் இடமாற்றம் நடந்தது 1952 ஒக்டோபரில். ஒரு பேரரசை மூட்டை கட்டி அனுப்புவதைவிட, துர்ஸ்தன் வீதியிலிருந்து புத்தக அலுமாரிகளைக் கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏற்றுவது கஷ்டம். அப்படியும் சயன்சும் மெடிசினும் கொழும்பை விட்டு அசைய மறுத்துவிட்டன. பேராதனையில் மருத்துவ பீடம் தொடங்க 1962 ஆனது.

இடையில் ஒருவர் விண்ணப்பிக்காமலே பேராதனைக்குள் நுழைந்துவிட்டார். 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தை அங்கே கொண்டுவந்து தாவரவியல் பூங்காவில் இறக்கினார். பரீட்சையும் இல்லை, வெட்டுப்புள்ளியும் இல்லை. யப்பானை வெல்லும் திட்டமெல்லாம் ஓர்க்கிட் செடிகளுக்கு நடுவே போடப்பட்டது.

பத்து வருடம் கழித்து அவருடைய மருமகன் வந்தார். 1954 ஏப்ரல் 20, எலிசபெத் மகாராணி முன்னிலையில் எடின்பரோ கோமகன் பல்கலைக்கழகத்தைத் திறந்துவைக்க வேண்டும். ஒரு சின்னச் சிக்கல்: அது ஏற்கெனவே திறந்துதான் கிடந்தது. மாணவர்கள் இரண்டு வருடமாகச் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருக்கும் இடத்தை எப்படித் திறப்பது? கோமகன், இது 'வழமையைவிட அதிகமாகத் திறந்திருக்கிறது' என்று அறிவித்துவிட்டார். எழுபது வருடமாக விண்ணப்பதாரர்கள் அந்தக் கதவில் முட்டிக்கொள்ளும்போதெல்லாம் இந்த வசனம் எனக்கு ஞாபகம் வரும்.

அருணாசலத்துக்கும் ஒருவழியாக இடம் கிடைத்தது. விடுதியில். ஒரு விடுதிக்கு அவர் பெயர், இன்னொன்றுக்கு அண்ணன் இராமநாதன் பெயர். விண்ணப்பித்து அரை நூற்றாண்டு கழித்துக் கட்டடமாக அனுமதி பெற்றவர் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

கதவுக்கு வெளியே கூட்டம் சேர்ந்ததற்குக் காரணம் அந்நாள் கல்வி அமைச்சர் கன்னங்கரா. 1945இல் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசம் என்று ஆக்கினார். பிறகு தாய்மொழியிலேயே படிக்கலாம் என்று வந்தது. ஆங்கிலம் பேசும் சில நூறு குடும்பங்களின் பிள்ளைகள் மரநிழலில் கவிதை வாசிப்பதற்கென்று ஜெனிங்ஸ் கட்டிய இடத்தை நோக்கி, சாரம் கட்டிய தகப்பன்மாரின் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். எனக்கு இதில் முழுச் சந்தோஷம். கதிரை மட்டும் கூடவில்லை. கதிரை கூடாதபோது அரசாங்கங்கள் ஒரு காரியம் செய்யும்: வரிசையை மாற்றி நிறுத்தும்.

1971இல் மாற்றி நிறுத்தினார்கள். பேராதனை என்ஜினியரிங்குக்கு நானூறுக்குச் சிங்கள மொழி மாணவன் 227 எடுத்தால் போதும். தமிழ் மொழி மாணவன் 250 எடுக்கவேண்டும். மெடிசினுக்கு 229, 250. கேள்வி ஒன்று, மேசை ஒன்று, மணி ஒன்று. கதவு மட்டும் இரண்டு. இதற்குத் தரப்படுத்தல் என்று நாகரிகமான பெயர். அப்போதைய கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத், கம்பளை சாஹிராவில் அதிபராக இருந்தவர்; பேராதனையிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். 1974இல் மாவட்டக் கோட்டா வந்தது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, 'நான் என்ன பிழை விட்டேன்?' என்று கேட்டான். அதற்குப் பிறகு அந்தக் கேள்வி எங்கெங்கு போய் முடிந்தது என்பது நகைச்சுவைக் கட்டுரைக்குள் அடங்காது.

சரி, மலைநாட்டுக்குக் கோட்டா என்றால் தோட்டத்துப் பிள்ளைக்கும் லாபம்தானே என்று கேட்பீர்கள். கேட்டவர் லயத்தைப் பார்த்ததில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுத்ததே எழுபதுகளில்தான். ஒரு அறை, ஒரு வாத்தியார், ஐந்து வகுப்பு. அந்தப் பிள்ளைகளுக்குக் கோட்டாவில் இடம் ஒதுக்குவது, ஸ்டேஷனே இல்லாத ஊருக்கு ரயில் டிக்கெட் கொடுப்பதற்குச் சமம். அவர்கள் குடும்பத்தில் பாதிப்பேருக்குக் குடியுரிமையும் இல்லை, ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு எந்தக் கப்பலில் ஏறுவது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு காலத்தில் தோட்டமாக இருந்த காணியில் எழும்பிய பல்கலைக்கழகத்துக்குள் தோட்டத்துப் பிள்ளை கணிசமாக நுழைய இன்னுமொரு தலைமுறை ஆனது.

கிளர்ச்சியும் கொலைகளும் நடந்த 1987 முதல் 1989 வரை கதவே மூடிக் கிடந்தது. அதைப்பற்றி நான் பகிடி விடப்போவதில்லை.

பிறகு வந்தது கணக்கு. இரசாயனவியலில் எடுத்த அறுபதும் இன்னொரு பாடத்தில் எடுத்த அறுபதும் ஒன்றல்ல, கஷ்டமான பாடத்துக்கு மதிப்பு வேண்டும் என்பது நியாயம். பேராதனை விவசாய பீடத்துப் புள்ளிவிபரவியல் பேராசிரியர் ஆர். ஓ. தட்டில் வழி சொன்னார்: ஒவ்வொரு பாடத்திலும் சராசரியிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறாய் என்று அளப்போம். 2001இலிருந்து இசட் புள்ளி. இனி மார்க்ஸ் என்ற பேச்சே இல்லை, தசமம்தான். நான்காம் தசமத்தில் டாக்டராகாமல் போனவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள். முன்பெல்லாம் மாமிமார், 'எத்தனை டிஸ்டிங்ஷன்?' என்று கேட்பார்கள். இப்போது, 'சராசரியிலிருந்து எத்தனை நியம விலகல்?' என்று கேட்காத குறை. 2011 உயர்தரத்தில் பழைய பாடத்திட்டக்காரரையும் புதிய பாடத்திட்டக்காரரையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டியதில் விடயம் உயர்நீதிமன்றம் வரை போய், 2012இல் எல்லாவற்றையும் திரும்பக் கணக்குப் பார்க்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது.

இப்போது நூற்றுக்கு நாற்பது திறமைக்கு, ஐம்பத்தைந்து மாவட்டத்துக்கு, ஐந்து பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியா பின்தங்கிய மாவட்டம். கண்டி முன்னேறியது. நாவலப்பிட்டி கண்டி மாவட்டம். அங்கிருந்து கொஞ்சத் தூரம் மேலே ஏறினால் கினிகத்தேனை, அது நுவரெலியா மாவட்டம். ஒரே மழை, ஒரே அட்டை. வெட்டுப்புள்ளி மட்டும் வேறு. உயர்தரத்துக்கு முந்திய மூன்று வருடம் எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தாய் என்றுதான் பார்ப்பார்கள் என்பதால், விவரமான தகப்பன்மார் மகனுக்கு மீசை அரும்பும்போதே தேசப்படத்தை விரித்துவிடுகிறார்கள். அமெரிக்காக்காரன் சில கிழமை முந்துகிறான். இவர்கள் நாலைந்து வருடம்.

கட்டுகஸ்தோட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு மாமா இந்த ஆராய்ச்சியில் இறங்கினார். சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. கினிகத்தேனையில் வாடகைக்கு வீடு பார்த்தாகிவிட்டது, பாடசாலையிலும் பேசியாகிவிட்டது. மாமியும் மகனும் அங்கே, மாமா கடையோடு இங்கே.

"டியூஷன் யாருகிட்ட மாமா?" என்று கேட்டேன்.

"பிசிக்ஸும் மெத்ஸும் கண்டியிலதான் தம்பி. நல்ல சேர்மாரெல்லாம் இங்கதானே இருக்காங்க."

"அப்ப பையன் கிழமையில எத்தனை நாள் இங்க வரணும்?"

மாமா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "அஞ்சு," என்றார். பிறகு மகனைக் கூப்பிட்டு, கினிகத்தேனையிலிருந்து கண்டிக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுவரச் சொன்னார்.