புளிமாங்காய் ஊர்

கேள்வி: ஸ்பானிய வினைச்சொற்களை அசை பிரித்து, அழுத்தம் எங்கே என்று தேடியே களைத்துவிட்டேன். தமிழில் இந்தத் தொல்லை உண்டா?
– வாசகர், திருத்தங்கல்

பதில்: அங்கே 'ஆப்லோ'வில் முதல் அசையை அழுத்தினால் 'பேசுகிறேன்', கடைசி அசையை அழுத்தினால் 'அவர் பேசினார்'. ஆளும் காலமும் ஒரே மூச்சில் மாறிவிடும்! எழுதும்போது அந்தக் கடைசி உயிரெழுத்தின் தலையில் சிறு கோடு போடுவார்கள். தமிழில் ஆளையும் காலத்தையும் காட்டும் வேலை இடைநிலைக்கும் விகுதிக்கும் உரியது. அழுத்தம் பொருளை மாற்றாது. அசை பிரிப்பதோ நம் பரம்பரைச் சொத்து. யாப்பிலக்கண வாய்பாட்டில் வந்தான் தேமா, நடந்தான் புளிமா, வந்தனன் கூவிளம், வருகிறான் கருவிளம். உங்கள் திருத்தங்கலே புளிமாங்காய்தான்! சங்கப் புலவர் வெண்ணாகனார் உங்கள் ஊர்ப் பொற்கொல்லர். பொன்னோடு சீரையும் நிறுத்தவர். அவர் ஊர்க்காரர் அசைக்கு அஞ்சலாமா? அழுத்தம் விழும் அசையில் கைதட்டி, ஸ்பானிய வினைச்சொற்களை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.