மரம் நட மார்க் ஷீட் வேண்டுமா?

கேள்வி: பெண்கள் சம்பாதித்தால் குடும்பம் முன்னேறும், சரி. சுற்றுச்சூழலுமா முன்னேறும்? (வாசகர், விருதுநகர்)

பதில்: கென்யாவில் முன்னேறியிருக்கிறதே! கிராமத்துப் பெண்களுக்கு மூன்று கவலைகள்: விறகுக்கு வெகுதூரம் நடை, ஓடையில் தண்ணீர் இல்லை, நிலத்தில் விளைச்சல் இல்லை. மூன்றுக்கும் ஒரே மருந்தாக மரம் நடச் சொல்லி, வங்காரி மாத்தாய் 1977-இல் பசுமை வளைய இயக்கத்தைத் தொடங்கினார். ‘படிக்காதவர்கள் மரம் வளர்ப்பதா?’ என்று வனத்துறைக்காரர்கள் சிரித்தார்கள். காலமெல்லாம் சோளமும் பயறும் விதைத்தவர்களிடம் கேட்கிற கேள்வியா அது? பெண்கள் தாங்களே விதை பொறுக்கி, நாற்றங்கால் போட்டார்கள்.

இயக்கம் அவர்களுக்குச் சிறு தொகையும் கொடுத்தது. ஆனால், பிழைத்த கன்றுக்கு மட்டும்தான். நட்டுவிட்டு போட்டோவுக்கு நின்றால் காசு கிடையாது. மரம் நடுவிழா அமைச்சர்கள் யாரும் தேறியிருக்க மாட்டார்கள்! விளைவு, 5 கோடிக்கும் மேற்பட்ட மரங்கள். 2004-இல் மாத்தாய்க்கு அமைதிக்கான நோபல் பரிசு. அதைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கப் பெண் அவரே.

அதற்கு முன்பே, 1989-இல், நைரோபியின் உகுரு பூங்காவில் 60 மாடிக் கட்டடம் எழுப்பும் திட்டத்தை எதிர்த்து, நாடாளுமன்றத்தில் வசவும் வாங்கினார். பூங்கா இன்னும் இருக்கிறது, கட்டடத்தைத்தான் காணோம்.