தேய்ந்ததை அளக்கும் வித்தை

கேள்வி: சென்னைக்கு அருகே அதிரம்பாக்கத்தில் கிடைத்த பழங்காலக் கற்கருவிகள் போன்றவற்றில் எவ்வளவு கல் செதுக்கி எறியப்பட்டது என்று அளக்கிறார்களாமே! இல்லாததை எப்படி அளப்பது?
– ஒரு வாசகர், தேசூர்

பதில்: பட்டு நெய்யும் ஊரிலிருந்து சரியான கேள்வி! கச்சாப் பட்டை அவித்துப் பசை நீக்கினால் ஏறக்குறையக் கால் பங்கு எடை போய்விடும். முன்னும் பின்னும் தராசில் வைத்தால் கணக்கு முடிந்தது. கல்லில் 'பின்' மட்டும்தான் நம் கையில். அதிரம்பாக்கத்தில் அந்த 'முன்' 15 லட்சம் ஆண்டுகளுக்கு அப்பால்கூட இருக்கலாம்.

ஒரு மாங்காய்க் கீற்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஓரம் மெலிசு, நடு தடிப்பு. ஓரத்திலிருந்து கடிக்கக் கடிக்க, மிஞ்சும் ஓரம் தடித்துக்கொண்டே போகும். ஒரு பக்கம் மட்டும் செதுக்கிய கல் சில்லும் அப்படித்தான். 1990-இல் தொல்லியல் ஆய்வாளர் ஸ்டீவன் கூன் இதையே அளவுகோலாக்கினார். செதுக்கிய ஓரத்தின் உயரத்தைச் சில்லின் அதிகபட்சத் தடிமனால் வகுக்க வேண்டும். 0 என்றால் கைபடாதது. 1-ஐ நெருங்கினால் பாடுபட்டு உழைத்தது. எவ்வளவு அழகான யோசனை! தட்டையான சில்லில் மட்டும் இது ஏமாற்றிவிடும்.

கைக்கோடரிக்கு இது போதாது, இருபுறமும் செதுக்கியது அல்லவா? அதில் சில்லுகள் பெயர்ந்த தழும்புகளை எண்ணிப் பரப்பளவால் வகுப்பார்கள். கல்லின் இயற்கைத் தோல் எவ்வளவு மிச்சம் என்றும் பார்ப்பார்கள். இந்த அளவுகள் சரிதானா என்று அறிய, ஆய்வாளர்களே புதுக் கல்லை உடைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் எடை போடுகிறார்கள். தொலைந்த 'முன்' அங்கேதான் கிடைக்கிறது.

1863-இல் பல்லாவரத்திலும் அதிரம்பாக்கத்திலும் இத்தகைய கற்களைக் கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் சேகரிப்பு எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சென்னை போனால் பாருங்கள். முதலில் ஓரத்தைப் பாருங்கள்.