எட்டுக் கம்பி

மரக்காணம் உப்பளத்தோரம் குடியிருக்கும் அக்கா மகனுக்குத் திடீரென்று எலெக்ட்ரிக் கிட்டார் ஆசை. அதுவும் எட்டுக் கம்பி. இதுவரை ஒரு கம்பியைக்கூடத் தொட்டதில்லை. "ஆறு கம்பிதான் எல்லாரும் வச்சிருக்காங்களே மாமா!"

1990இல் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் வாய் ஏழு கம்பி ஐபனெஸ் கிட்டாரைக் கையில் எடுத்தபோது, ஆறு கம்பி அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவ்வளவு தூரம் ஏன்? சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்கிறார்கள். சிறுபாணன் 7 நரம்புச் சீறியாழோடு இந்தக் கரைவழி நடந்தவன். பேரியாழுக்கோ 21 நரம்பு. என்ன, அவர்களுக்கு வாசிக்கத் தெரிந்திருந்தது.

சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. வாங்கியாயிற்று. கழுத்து பலகை மாதிரி அகலம், விரல் பாதியில் நிற்கிறது. தடித்த கம்பியை மட்டும் 'தொம் தொம்' என்று தட்டுகிறான். மற்ற ஏழும் உப்புக்காற்றில் நிதானமாகத் துருப்பிடிக்கின்றன.