கேத்தலடி வெண்படிவு: ஒரு குடாநாட்டு ஆய்வு

யாழ்ப்பாணத்தில் கந்தரோடைத் தொல்லியல் களத்துக்குக் கிடைத்த ஆய்வுக் கவனம் கேத்தலின் அடிக்குக் கிடைத்ததில்லை. இத்தனைக்கும் அங்கே போலவே இங்கும் படிவுகள் படைபடையாகத்தான் இருக்கின்றன. காலைத் தேத்தண்ணிக்கு ஒரு படை, மாலைத் தேத்தண்ணிக்கு இன்னொன்று. மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த கிறீன் வைத்தியரின் முயற்சியால் 1875இலேயே ‘கெமிஸ்தம்’ என்ற இரசாயன நூல் தமிழில் வந்துவிட்டது. இருந்தும் கேத்தலை நாம் அடுப்பில் வைத்தோமே தவிர ஆய்வில் வைக்கவில்லை.

கேத்தலடி வெண்படிவு பற்றி மூன்று மரபுகள் நிலவுகின்றன. முதலாவது அம்மா மரபு. இதன்படி அந்த வெள்ளை வெறும் ஊத்தை. கரண்டிக் காம்பால் சுரண்டினால் தீர்ந்தது. இரண்டாவது ரியூட்டரி மரபு. காபனேற்றுக்கு அமிலம் சேர்த்தால் எந்த வாயு வரும் என்று கேட்டால், சாதாரண தரத்துக்குப் படிக்கும் பிள்ளை நித்திரையிலும் விடை சொல்லும். அந்தக் காபனேற்று குசினியில் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பாடத்திட்டத்துக்கு வெளியே என்று எழும்பிப் போய்விடும். மூன்றாவது ஆச்சி மரபு: “உது கல்லுத் தண்ணி மோனை, நெடுக இப்பிடித்தான்.” புவிச்சரிதவியலுக்கு மிகக் கிட்டப் போனவர் ஆச்சியே என்பது எமது துணிபு.

ஏனெனில் குடாநாடு மயோசீன் காலத்துச் சுண்ணக்கல்லின்மேல் இருக்கிறது. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. சுண்ணக்கல் என்பது கல்சியம் காபனேற்று. தூய நீரில் அது கரைவது அருமை. இந்த மெல்லிய அமிலத்தோடு சேர்ந்ததும் கல்சியம் இருகாபனேற்றாக மாறி, கண்ணுக்குத் தெரியாமல் கிணற்றுக்கு வந்துவிடுகிறது. நிலாவரைக் கிணற்றின் ஆழம் இப்படிக் கரைந்து போன கல்லின் வேலை.

கேத்தல் செய்வது இதன் மறுதலை. நீரைச் சூடாக்கினால் காபனீரொட்சைட்டு வெளியேறும், இருகாபனேற்று உடையும், பழைய கல் அடியில் வந்து குந்தும். ஆக, மழை கரைத்த குடாநாட்டை நாங்கள் ஒவ்வொரு தேத்தண்ணிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறோம். காங்கேசன்துறையில் 1950 முதல் 1990 வரை இதே கல்லைச் சூளையிலிட்டுச் சீமெந்து செய்தார்கள். அதற்கு 1,400 பாகைக்கு மேல் வெப்பம் வேண்டும். கேத்தல் 100 பாகையோடு அடக்கமாக வேலையை முடிக்கிறது.

கொதிக்க வைத்தால் நீங்குவது இருகாபனேற்றால் வரும் தற்காலிக வன்மை மட்டுமே. கல்சியம் சல்பேற்று போன்றவற்றால் வரும் நிரந்தர வன்மை கொதிக்கு அசையாது. கடற்கரைப் பக்கத்துச் சவர்த் தண்ணி வேறு கதை. அதன் கறியுப்பு நீர் முழுவதும் வற்றும்வரை கரைசலில்தான் இருக்கும். கேத்தலில் கல் என்றால் சிறுநீரகத்திலும் கல் என்று ஊரில் ஒரு வாதம் உண்டு. சிறுநீரகக் கல் பெரும்பாலும் கல்சியம் ஒட்சலேற்று. இரண்டும் கல், ஆனால் ஒரே கல் அல்ல.

இனிக் கணிதம். கல்சியம் 40, காபன் 12, மூன்று ஒட்சிசன் 48, கூட்டினால் 100. மூலர்த் திணிவு இவ்வளவு வழவழப்பாக வந்து விழுவது மாணவர் மேல் இயற்கை காட்டிய அபூர்வமான கருணை. ஆய்வுக் கேத்தலில் 10 கிராம் படிவு இருப்பதாகக் கொள்வோம். அது 0.1 மூல். இதைக் கரைக்கச் சித்திரிக் அமிலம் ஏறத்தாழ 13 கிராம் தேவை. தேசிக்காய்ச் சாற்றில் அமிலம் சுமார் 5 சதவீதம் என்றால், கால் லீற்றருக்குச் சற்று மேல் சாறு. காய்க் கணக்கில் குறைந்தது பத்து. இந்த முடிவை அம்மா மரபினரிடம் சமர்ப்பித்தபோது, “பத்துத் தேசிக்காயோ? உனக்கென்ன விசரே?” என்ற திறனாய்வு கிடைத்தது.

ஆகவே வினாகிரி. 4 சதவீத வினாகிரி என்றால் 300 மில்லிலீற்றர் போதும். ஊற்றியதும் நுரைக்கும், இளஞ்சூட்டில் இன்னும் விரைவாக நுரைக்கும். 10 கிராமும் கரைந்தால் வெளிவரும் காபனீரொட்சைட்டு, யாழ்ப்பாண வெக்கையில் ஏறத்தாழ இரண்டரை லீற்றர்.

வந்தது அந்த வாயுதான் என்று நிறுவச் சுண்ணாம்புத் தண்ணி வேண்டும். சுண்ணக்கல்லைச் சூளையில் சுட்டு, நீர் தெளித்து நீற்றினால் வருவது சுண்ணாம்பு. ஆச்சியின் வெத்திலைத் தட்டத்தில் அது எப்போதும் இருக்கும். சிறிது எடுத்து நீரில் கலக்கித் தெளியவைத்து, மேல்நீரைப் போத்தலில் வடித்து, குழாய் வழியே வாயுவைச் செலுத்தினோம். நீர் பால் நிறமானது. அந்தப் பால் நிறம் கல்சியம் காபனேற்று. கேத்தலிலிருந்து கழற்றிய கல் போத்தலில் திரும்பவும் ஆஜரானது. மேலும் வாயுவைச் செலுத்தினால் அது இருகாபனேற்றாகித் தெளியும் என்பதையும் நிறுவ இருந்தோம். அதற்குள் திண்ணையிலிருந்து, “ஆரடா என்ரை சுண்ணாம்பை வழிச்சது?” என்று கேட்டதால் பரிசோதனை இடைநிறுத்தப்பட்டது.