ஊர் திரும்புவார்களா? காபூல் விசாப் பிரிவுக்கு ஒரு பாராட்டு மடல்

பெறுநர்: விசாப் பிரிவு அதிகாரிகள், அமெரிக்கத் தூதரகம், காபூல்.
பொருள்: ஆறு மாணவிகளிடமிருந்து ஒரு வல்லரசைக் காப்பாற்றியமை – பாராட்டு தெரிவித்தல் – தொடர்பாக.
பார்வை: 2017 கோடையில் இருமுறை நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்கள்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

கடமையில் கண்ணாக இருப்பவர்களை இந்த உலகம் லேசில் பாராட்டுவதில்லை. தங்களை மட்டும் அது கூடுதலாகவே திட்டித் தீர்த்துவிட்டது. அந்தக் குறையைப் போக்கவே இம்மடல்.

2017 ஜூலையில் வாஷிங்டனில் பள்ளி மாணவர்களுக்கான உலக ரோபோப் போட்டி நடந்தது. பெயர் ஃபர்ஸ்ட் குளோபல் சாலஞ்ச். 157 நாடுகளிலிருந்து 163 அணிகள். அந்த ஆண்டின் ஆட்டம் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றியது. நீலப் பந்து என்றால் நல்ல தண்ணீர், ஆரஞ்சுப் பந்து என்றால் மாசு. களத்தில் கலந்து கிடக்கும் பந்துகளை ரோபோ அள்ளி, நிறம் பார்த்துப் பிரித்து, அதது சேர வேண்டிய இடத்தில் சேர்க்க வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்திலும் மூன்று நாட்டு அணிகள் ஒரே பக்கமாக நின்று ஆட வேண்டும் என்பது விதி. பிற நாட்டுப் பிள்ளைகளோடு பேசிப் பழகி ஆடுவது எவ்வளவு ஆபத்தான பழக்கம் என்பது தூதரகத்துக்குத் தெரியாதா என்ன?

ஆப்கானிஸ்தானின் ஹெராத் நகரிலிருந்து ஆறு பெண்கள் இதற்குப் புறப்பட்டார்கள். எல்லாரும் பதின்வயதினர். அவர்களைத் தடுத்த பெருமை முழுவதும் தங்களுக்கே என்று சொல்லிவிடவும் முடியாது. ஆப்கன் சுங்கத்துறை முந்திக்கொண்டுவிட்டது. போட்டி நடத்துபவர்கள் எல்லா நாடுகளுக்கும் ஒரே மாதிரியான உதிரிபாகப் பெட்டியை அனுப்பினார்கள். ஹெராத்துக்கு வரவேண்டிய பெட்டியோ பல வாரங்கள் சுங்கத்தில் முடங்கிக் கிடந்தது. ரோபோ என்று எழுதியிருந்தால் அது போர்க்களத்துக்குப் போகும் சாமானாக இருக்கலாமே என்ற சந்தேகம். மற்ற நாட்டுப் பிள்ளைகள் மாதக்கணக்கில் முடுக்கிக் கழற்றிப் பழகிய வேலையை, இந்தப் பெண்கள் கடைசி நேரத்து அவசரத்தில் செய்து முடித்தார்கள்.

அடுத்தது தங்கள் முறை. ஹெராத்திலிருந்து காபூல் சுமார் 800 கிலோமீட்டர். 2017 மே 31 அன்றுதான் காபூலின் தூதரகப் பகுதியில் லாரி குண்டு வெடித்து 150 பேருக்கு மேல் மாண்டார்கள். அந்த நகரத்துக்கு, அந்தக் கோடையில், இந்தப் பெண்கள் நேர்காணலுக்காக ஒருமுறை அல்ல, இருமுறை வந்து போனார்கள். இரண்டு முறையும் ‘இல்லை’ என்ற பதிலோடு திருப்பி அனுப்பப்பட்டார்கள். என்ன காரணம் என்று வெளியே சொல்லப்படவில்லை. விசா விவரங்கள் ரகசியம் என்பது சட்டம். ஆனால் இத்தகைய விண்ணப்பங்களைத் திருப்பியடிக்க வழக்கமாகக் கைகொடுப்பது குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவு. அதன்படி விண்ணப்பம் நீட்டுகிறவர் எவரும் அமெரிக்காவிலேயே தங்கிவிட வருபவர் என்றுதான் முதலில் கொள்ள வேண்டும். ‘இல்லை, ஊர் திரும்புவேன்’ என்று நிரூபிப்பது அவர் பாடு. சென்னை அண்ணா சாலை அமெரிக்கத் துணைத் தூதரக வாசலில் ஃபைலை நெஞ்சோடு அணைத்து நின்றவர்களுக்கும் இந்தப் பிரிவு பழக்கமானதுதான். அவர்களாவது வீட்டுப் பத்திரத்தையும் வங்கிக் கணக்கையும் காட்டலாம். பதினைந்து பதினாறு வயதுப் பெண் எதைக் காட்டுவாள்? கட்டிய விண்ணப்பக் கட்டணம் மட்டும் எப்படியும் திரும்பி வராது. அதில் எவருக்கும் பாரபட்சம் இல்லை.

இங்கேதான் தங்கள் நுண்ணறிவு உச்சம் தொடுகிறது. மாணவிகள் வரக்கூடாது, ஆனால் அவர்கள் செய்த ரோபோ வாஷிங்டன் போகலாம் என்று ஏற்பாடாகியது. வாஷிங்டன் வட்டாரத்தில் வாழும் ஆப்கன் வம்சாவளி மாணவர்கள் அதை இயக்குவார்கள். செய்தவர்கள் ஹெராத்தில் உட்கார்ந்து ஸ்கைப்பில் பார்த்துக்கொள்ளலாம். ரோபோவுக்குத் தாய்தகப்பன் இல்லை, ஊரில் நிலபுலன் இல்லை, ஊர் திரும்பும் உத்தேசமும் இல்லை. இருந்தும் அதன்மேல் எவருக்கும் சந்தேகம் வரவில்லை. இன்னொரு விந்தையும் உண்டு. டிரம்ப் அரசின் பயணத் தடைப் பட்டியலில் இருந்த ஈரான், சூடான் நாட்டு அணிகளுக்கு விசா கிடைத்தது. அந்தப் பட்டியலிலேயே இல்லாத ஆப்கானிஸ்தானுக்கும் காம்பியாவுக்கும்தான் முதலில் கதவு சாத்தப்பட்டது.

பிறகு நடந்ததில் தங்கள் பங்கு இல்லை. செய்தி உலகம் முழுக்கப் பரவியது, அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் மனு எழுதினார்கள், ஜனாதிபதி டிரம்பே தலையிட்டார். அப்போதும் கிடைத்தது விசா அல்ல, ‘பொதுநலன் கருதி’ வழங்கப்படும் ஒரு தற்காலிக விதிவிலக்கு. போட்டி தொடங்க ஒரு நாள் இருக்கையில், ஜூலை 15 அன்று அவர்கள் அமெரிக்க மண்ணில் இறங்கினார்கள். பொதுநலன் என்பது கேமராக்கள் திரும்பிய பக்கமாகப் பார்த்து வந்தது. அதே வாரம் அதே ஜன்னலில் கையை விரித்து அனுப்பப்பட்ட மற்றவர்களுக்காக எந்த ஜனாதிபதியும் தொலைபேசியை எடுக்கவில்லை. விண்ணப்பிக்கும் முன்பே பிரபலமாகிவிட வேண்டும் என்று படிவத்தில் ஒரு வரி சேர்த்தால் பலருக்கும் அலைச்சல் மிச்சமாகும்.

தங்கள் தரப்பு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் போட்டிக்கு முறையாக விசா பெற்று வந்த புருண்டி நாட்டு அணியின் ஆறு பேரும் போட்டி முடிந்ததும் காணாமல் போனார்கள். அவர்களில் இருவர் எல்லை கடந்து கனடாவுக்குப் போனது தெரியவந்தது. ‘பார்த்தீர்களா!’ என்று மேசையைத் தட்டத் தோன்றும். தட்டலாம். தங்கள் துறை நம்பியவர்கள் ஊர் திரும்பவில்லை, நம்பாதவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட வேண்டும். துணிச்சலான சாதனைக்கான வெள்ளிப் பதக்கத்தோடு அந்த ஆறு பேரும் ஹெராத்துக்கே திரும்பினார்கள்.

திரும்பிய சில நாட்களில், ஆகஸ்ட் 1 அன்று, ஹெராத்தில் ஒரு பள்ளிவாசலில் தொழுகை நேரத்தில் குண்டு வெடித்தது. இறந்தவர்களில் அணித் தலைவியின் தந்தையும் ஒருவர். இந்தப் பத்தியில் பகடிக்கு இடமில்லை.

அணி கலையவில்லை. புதிய பெண்கள் சேர்ந்தார்கள். 2020இல் கொரோனா வந்து ஹெராத்தில் செயற்கைச் சுவாசக் கருவிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, பழைய டொயோட்டா கொரோலா காரின் உதிரிபாகங்களையும் ஹோண்டா மோட்டார் சைக்கிளின் செயினையும் வைத்து மலிவு விலையில் ஒரு மாதிரிக் கருவியைச் செய்து காட்டினார்கள். ஊரோடு ஒட்டுறவு இருக்கிறதா என்று தங்கள் படிவம் சுற்றி வளைத்துக் கேட்கிறதே, அதற்குச் சான்றாக இதை இணைத்திருக்கலாம். இணைப்பு மூன்று வருடம் தாமதமாகிவிட்டது, அவ்வளவுதான்.

2021 ஆகஸ்ட் 15 அன்று தாலிபான்கள் காபூலுக்குள் நுழைந்தார்கள். ஹெலிகாப்டரில் விமான நிலையத்துக்குப் போய், முதலில் ஊரைவிட்டுக் கிளம்பியவர்களில் தூதரக ஊழியர்களும் அடக்கம். கிளம்பும் அவசரத்தில் அழிக்கப்பட்ட ஆவணங்களோடு, விசாவுக்காக ஆப்கானியர்கள் ஒப்படைத்திருந்த சில பாஸ்போர்ட்டுகளும் போயின. அம்மாத இறுதியில் தூதரகம் மூடப்பட்டு, ஆப்கன் விவகார அலுவலகம் கத்தாரின் தோஹாவுக்கு இடம் மாறியது. ரோபோ அணிப் பெண்களில் சிலரும் தப்பி வந்து இறங்கியது அதே தோஹாவில்தான். ஐந்து பேர் மெக்சிகோவுக்குப் போனார்கள்.

ஆகவே, 2017ஆம் ஆண்டின் அந்தக் கோப்பு இன்னும் எங்காவது மிஞ்சியிருந்தால், அதைத் தேடி எடுத்து, விண்ணப்பதாரர் ஊர் திரும்புவாரா என்ற கேள்விக்கு எதிரே ‘ஆறு பேரும் திரும்பினார்கள்’ என்று எழுதி, தேதியிட்டுக் கையொப்பமிடுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது.